எல்லோரும் படிக்கக்கூடிய கல்லூரிப் பாடம்: ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைச் சீரமைக்கும்போது கூட உட்கார்ந்து உதவுவது என் வேலை. ஆளுக்கொரு துறை, கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. பயிற்சி வகுப்பில் கை தூக்கிக் கேட்பவர்களைவிட, முடிந்த பிறகு வராந்தாவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விகளை எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே அடுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களில் அதிகம் கைவைக்கவில்லை.

"அனைவரையும் உள்ளடக்கிய பாடம்" என்பது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தனி ஏற்பாடுதானே?

தனி ஏற்பாடு என்பது ஒரு மாணவர் வந்து கேட்ட பிறகு செய்வது. நாம் இங்கே பேசுவது, யாரும் கேட்பதற்கு முன்பே பாடத்தை எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி. இந்த எண்ணம் கட்டடக் கலையிலிருந்து வந்தது. சக்கர நாற்காலியில் இயங்கிய கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், கட்டி முடித்த பின் சரிவுப்பாதையை ஒட்டவைப்பதைவிட, எல்லோரும் நுழையக்கூடிய வாசலை முதலிலேயே வரையலாமே என்றார். அவருடைய குழு 1997-இல் அதற்கு ஏழு கொள்கைகளை வெளியிட்டது. அதே எண்ணத்தைக் கல்விக்குக் கொண்டுவந்தது, அமெரிக்காவில் 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு. மாணவருக்கு ஆர்வம் பிறக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி, பாடம் அவரைச் சென்றடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி, தெரிந்ததை அவர் வெளிப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழி, சாரம் இவ்வளவுதான்.

இதனால் பயனடைவோரில் பலரிடம் மாற்றுத்திறனாளி என்ற எந்தச் சான்றிதழும் இருக்காது. இரவு வேலை பார்த்துவிட்டு வருபவர், பயிற்றுமொழியில் தடுமாறுபவர், மணிக்கட்டை முறித்துக்கொண்டவர், கைக்குழந்தையோடு இருப்பவர் எல்லோரும் அதில் உண்டு. அதற்காகத் தனி ஏற்பாடு தேவையற்றதாகிவிடாது. பிரெய்ல் புத்தகமும் சைகைமொழி பெயர்ப்பாளரும் வேண்டியவருக்கு அவை வேண்டும்தான்.

இப்படி எல்லோருக்கும் வளைந்துகொடுத்தால் பாடத்தின் தரம் என்ன ஆகும்?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இது. கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "உங்கள் பாடம் முடியும்போது மாணவருக்கு எது கைவந்திருக்க வேண்டும்?" அதை எழுதி மேசைமேல் வையுங்கள். அதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். அதில் இல்லாத எதையெல்லாம் நாம் அறியாமல் அளந்துகொண்டிருக்கிறோம் என்று பாருங்கள். வளைய வேண்டியவை அவை மட்டும்தான்.

வெப்ப இயக்கவியல் ஆசிரியர் ஒருவர் தன் வினாத்தாளைக் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம், பன்னிரண்டு கணக்குகள். நோக்கப் பட்டியலில் "வேகம்" என்ற சொல்லே இல்லை. வினாத்தாள் அளந்ததோ பெரும்பாலும் வேகத்தைத்தான். எட்டாகக் குறைத்தார். கணக்குகளின் கடினம் அப்படியே இருந்தது. மருந்தளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுக்கும் செவிலியர் பாடத்தில் வேகமும் நோக்கத்தின் பகுதி. அங்கே நேரக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். மொழிப் பாடத்தில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது நியாயம்; புவியியலில் குறைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எனக்கு மூச்சுவிடவே நேரமில்லை.

முழுப் பாடத்தையும் பிரித்துப் போடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் எந்த இடத்தில் வழுக்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒரே சந்தேகம் முப்பது மின்னஞ்சல்களாக வரும் வாரம், பாதி வகுப்பு தாமதமாகத் தரும் ஒப்படைப்பு, எல்லோரும் கோட்டைவிடும் அலகு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு வழியைச் சேருங்கள். ஆய்வக அறிக்கை எப்படி எழுதுவது என்று ஆண்டுதோறும் தொண்டை வறள விளக்கிய ஒருவர், நல்ல அறிக்கை ஒன்றையும் சுமாரான ஒன்றையும் ஓரக்குறிப்புகளோடு ஏற்றிவைத்தார். அந்தப் பருவத்தில் அவர் செய்தது அவ்வளவே. போதும்.

என் பி.டி.எஃப். எனக்கு நன்றாகத் தெரிகிறதே, அதில் என்ன குறை?

கோப்பைத் திறந்து ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது உரை இல்லை, புகைப்படம். பார்வையற்ற மாணவி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அப்படிப்பட்ட கோப்பு ஒன்றைத் திறப்பதைப் பார்த்தேன். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பு மென்பொருள் பக்க எண்ணைச் சொன்னது. பிறகு மௌனம். அடுத்த பக்கம், எண், மௌனம். முப்பத்து நான்கு பக்கங்களையும் இப்படித் தட்டிப் பார்த்துவிட்டு, "தினமும் இப்படித்தான்" என்று மடிக்கணினியை மூடினார். ஆசிரியரோ, கோப்பை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழில் இன்னொரு பொறி இருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும். கேட்டுப்பார்த்தால் சிரிப்பு வரும். தேர்வுக்கு முந்தைய இரவு கேட்பவருக்கு வராது. பழைய குறிப்புகளை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் பார்வையுள்ளவர்களும் அவற்றில் தேட முடியும், செல்பேசியில் பெரிதாக்கிப் படிக்க முடியும்.

தலைப்பு என்று காட்ட எழுத்தைத் தடிமனாக்கினால் போதாது. வேர்டிலேயே உள்ள தலைப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் ஒரே விசையைத் தட்டி தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிக் கண்ணை ஓட்டுவதற்குச் சமமான வேலை அது.

நிறத்துக்கும் எழுத்தளவுக்கும்கூட கணக்கு உண்டா?

உண்டு. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறை என்று சர்வதேச அளவில் ஒன்று இருக்கிறது, அதன் 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உள்ளன. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்து பெரும்பாலும் தேறாது, எவ்வளவு நாகரிகமாகத் தெரிந்தாலும்.

நிறத்தை மட்டுமே நம்பி எதையும் சொல்லாதீர்கள். "சிவப்பில் உள்ளவை தவறான விடைகள்" என்றால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு அது புதிர். பக்கத்தில் ஒரு குறியோ ஒரு சொல்லோ போடுங்கள்.

திரைவாசிப்பான் படித்துச் சொல்வதற்காக, படங்களை விவரிக்கும் மாற்று உரை எழுதச் சொல்கிறார்கள். ஒரு வரைபடத்தை இரண்டு வரியில் எப்படிச் சொல்வது?

வரைபடத்தில் இருப்பதையெல்லாம் சொல்ல வேண்டாம். அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். "தேவை, அளிப்பு வரைபடம்" என்று மட்டும் எழுதினால் உபயோகமில்லை. "விலை ஏறும்போது தேவைக் கோடு இறங்குகிறது, அளிப்புக் கோடு ஏறுகிறது, இரண்டும் வெட்டும் புள்ளி சமநிலை விலை" என்றால் பாடமே அதில் வந்துவிட்டது. அலங்காரப் படங்களை "அலங்காரம்" என்று குறித்துவிட்டால் மென்பொருள் தாண்டிச் சென்றுவிடும்.

தேர்வில் மட்டும் கவனம் வேண்டும். வரைபடத்தைப் படித்துச் சமநிலையைக் கண்டுபிடி என்பதே கேள்வியாக இருந்தால், மேலே உள்ள உரை விடையையே சொல்லிவிடுகிறது. அங்கே எண்களை அட்டவணையாகக் கொடுங்கள். கண்டுபிடிக்கும் வேலை மாணவருடையது.

காணொளிக்குத் துணையெழுத்து (சப்டைட்டில்) தானாகவே வந்துவிடுகிறதே, போதாதா?

முதல் வரைவாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தாமல் வெளியிட முடியாது. கலைச்சொற்களில் அது தடுக்கி விழும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் வகுப்பில் நிமிடத்துக்கு ஒரு முறை விழும். ஒரு "இல்லை" விடுபட்டால் சூத்திரமே தலைகீழாகிவிடும். நீளத்தைக் குறைத்தால் திருத்தும் வேலையும் குறையும். இணையவழிப் பாடங்களில் சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மாணவர்கள் ஒரு காணொளியில் ஈடுபட்டிருந்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடங்களுக்குமேல் போகவில்லை. ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே ஏற்றுவோர் இதை யோசிக்கலாம்.

பேசும் விதத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். "இதை இங்கே கொண்டுவந்தால் இது வரும்" என்று பலகையைக் காட்டிப் பேசுவது நம் எல்லோருக்கும் பழக்கம். ஒலியை மட்டும் கேட்பவருக்கு அதில் எதுவுமே இல்லை. ஒலியை மட்டும் கேட்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரக் காணொளி சுமார் 450 எம்.பி.; 64 கிலோபிட் ஒலிப்பதிவாக அதே மணி நேரம் 29 எம்.பி.தான். டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. காணொளியோடு ஒலிக்கோப்பையும் எழுத்து வடிவத்தையும் சேர்த்து வையுங்கள்.

இணைய வகுப்பில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கட்டாயமாக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. டேட்டா கணக்கை இப்போதுதான் பார்த்தோம். ஒரே அறையில் நான்கு பேர் வாழும் வீடு, காட்ட விரும்பாத சுவர், மருத்துவமனைப் படுக்கை என்று கேமராவை அணைக்க ஆயிரம் காரணங்கள் இருக்கும். எதையும் உங்களிடம் விளக்கும் கடமை மாணவருக்கு இல்லை. முகம் தெரிந்தால் கவனம் இருக்கிறது என்பதும் நம் நம்பிக்கைதான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது எழுதச் சொல்லுங்கள். யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். சைகைமொழி வகுப்பில் கையும் முகமுமே பாடம். அங்கே கேமரா கட்டாயம்தான்.

பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் இணையத்தில், இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தச் சொல்கிறார்கள். முடிகிற காரியமா?

சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி 2006 வாக்கில் உருவாக்கிய முறையில் மூன்று வழிகள் உண்டு: நேரில் வரலாம், நேரலையில் சேரலாம், பிறகு தன் வசதிப்படி படிக்கலாம். எதை எப்போது என்பதை மாணவரே முடிவு செய்வார். இதில் பலரும் முதல் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது அந்த மூன்றாவதுதான்.

ஒரே ஆசிரியர், ஒரு மடிக்கணினி, மேசையில் ஒரு மைக் என்ற நிலையில் நேரலை மாணவர்கள் ஜன்னல் வழியாக வகுப்பை எட்டிப் பார்ப்பவர்களாகிவிடுவார்கள். கட்டாயமாக நடத்தியே ஆக வேண்டும் என்றால், வகுப்பில் ஒருவர் எழுப்பும் கேள்வியை மைக்கில் நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். அரட்டைப் பெட்டியைக் கவனிக்கும் பொறுப்பை ஒவ்வொரு வாரமும் ஒரு மாணவரிடம் கொடுங்கள். இரு தரப்பும் எழுதக்கூடிய பொதுக் குறிப்பேடு ஒன்று இணையத்தில் இருக்கட்டும். இதற்கும் ஆளில்லை என்றால், நேரலையை விட்டுவிட்டு மூன்றாவது வழியை ஒழுங்காகச் செய்வது மேல்.

கேள்வி கேட்டால் அதே நான்கு பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை என்ன செய்வது?

கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி பொறுக்கிறீர்கள்? 1970-களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். வகுப்பின் முன்னால் நிற்கும்போது மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள்.

அதைவிட நல்லது, முதலில் எல்லோரையும் ஒரு வரி எழுதவைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேசவைப்பது, அதற்குப் பிறகு கேட்பது. அறிவியல், பொறியியல் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம், மாணவர்களுக்கு வேலை கொடுத்த வகுப்புகளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்துத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டுமா?

வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். பல வழிகளைத் திறந்துவைப்பது வேறு, மாணவர் நெற்றியில் சீட்டு ஒட்டுவது வேறு.

ஒருவருக்கு மட்டும் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

வேகம் உங்கள் நோக்கத்தில் இல்லை என்றால், அந்த நேரத்தால் மற்றவர்கள் எதை இழந்தார்கள்? தரம் பற்றிய கேள்வியில் பார்த்த அதே கணக்குதான் இங்கேயும். ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வினாத்தாளை வைத்து எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் கொடுங்கள். சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்று மட்டும்: "எல்லோருக்கும்தான் கொடுத்துவிட்டேனே" என்று, உரிமையோடு கூடுதல் நேரம் பெறும் மாணவரின் நேரத்தை நீங்களாக வெட்டிவிடாதீர்கள். அதை உங்கள் கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவரோடும் அந்த மாணவரோடும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசித் தேதியைத் தளர்த்தினால் எல்லோரும் தாமதமாகத்தானே தருவார்கள்?

தளர்த்துவதற்கும் விதி வையுங்கள். பருவத்துக்கு ஆளுக்கு இரண்டு சலுகைச் சீட்டு, ஒவ்வொன்றும் 48 மணி நேரம், காரணம் கேட்கப்படாது. காரணம் கேட்காமலிருப்பதுதான் இதில் முக்கியம். கேட்கத் தொடங்கினால் யாருடைய துக்கம் பெரிது என்று தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டியிருக்கும். தைரியமாக வந்து கேட்பவருக்குக் கிடைக்கும்; கூச்சப்பட்டு நிற்பவருக்குக் கிடைக்காது.

அடுத்த வகுப்பு அந்த வேலையை நம்பி இருக்கிறது என்றால், உதாரணமாக மாணவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வாரம் என்றால், அந்தத் தேதி அசையாது. ஏன் அசையாது என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

கட்டுரையாகவும் தரலாம், ஒலிப்பதிவாகவும் தரலாம் என்றால் ஒரே அளவுகோலில் எப்படி மதிப்பெண் போடுவது?

அளவுகோலில் "பத்தி அமைப்பு", "குரல் தெளிவு" போன்றவை இருந்தால் முடியாது. "வாதம் என்ன, சான்று எது, எதிர்வாதத்துக்குப் பதில் உண்டா" என்று இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். எழுதக் கற்றுக்கொடுப்பதே பாடம் என்றால் கட்டுரை மட்டும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் சொந்தத் தவறு ஒன்று. உற்சாக மிகுதியில் ஒரு முறை ஆறு வடிவங்களைத் தேர்வுக்கு வைத்தேன். முதல் வாரம் முழுவதும், "சார், எதை எடுத்தால் மதிப்பெண் அதிகம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தீர்ந்தது. இரண்டு போதும்.

ஆய்வகத்தில் இதெல்லாம் எப்படி? பார்வையற்ற மாணவர் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) சோதனை செய்ய முடியுமா?

முடியும். சோதனையின் நோக்கம் வினை முடியும் புள்ளியை அறிந்து செறிவைக் கணக்கிடுவது. கரைசல் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்ணால் காண்பது அதற்கு ஒரு வழி. அளவைக் குரலில் சொல்லும் கருவியோடு இணைத்த, கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர் இன்னொரு வழி. அதுவும் இல்லை என்றால், உடன் நிற்பவர் நிறத்தைச் சொல்ல, எப்போது நிறுத்துவது, எத்தனை முறை திரும்பச் செய்வது, எந்த அளவீட்டை ஒதுக்குவது என்பதை மாணவர் முடிவு செய்யலாம். அவரை ஓர் ஓரத்தில் உட்காரவைத்து மற்றவர்களின் அளவீடுகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வது மட்டும் கூடாது. அடிக்கடி நடப்பது அதுதான். பருவம் தொடங்கும் முன் ஒரு முறை காலி ஆய்வகத்தில் அவரோடு சுற்றிவாருங்கள். என்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும்.

ஒரு மாணவருக்கு வேண்டியது இன்னொரு மாணவருக்கு இடைஞ்சலாக இருந்தால்?

நடக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு விளக்கைக் குறைக்க வேண்டும். உதட்டசைவைப் படிப்பவருக்கு வெளிச்சம் வேண்டும். கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டும் மோதும். கொஞ்சம் விசாரித்தால், இரண்டாமவருக்கு வேண்டியது உங்கள் முகத்தின் மேல் வெளிச்சம், அறை முழுவதும் வேண்டியதில்லை என்று தெரியவரும். எல்லா மோதலும் இவ்வளவு சுலபமாகத் தீராது. சில நேரம் ஒருவருக்கு இரண்டாந்தர வழிதான் கிடைக்கும். அதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுவது மரியாதை.

ஒரு மாணவருக்கு ஏதோ சிரமம் இருப்பது தெரிகிறது, ஆனால் சொல்லவில்லை. நானாகக் கேட்கலாமா?

நோயின் பெயரைக் கேட்காதீர்கள். முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வியுள்ள படிவம் கொடுங்கள்: "இந்தப் பாடத்தை நீங்கள் நன்றாகப் படிக்க நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" சிலர் வெற்றாகத் தருவார்கள், நாலாவது மாதத்தில் வந்து பேசுவார்கள். அவர்கள் எழுதியது உங்களோடு இருக்கட்டும். நிறைந்த வகுப்பில் "கூடுதல் நேரம் கேட்டது யார்?" என்று ஒருவர் உரக்கக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கை தூக்கவில்லை.

ஏ.ஐ. வந்த பிறகு எல்லோரையும் கண்முன் உட்காரவைத்துக் கையால் எழுதச் சொல்லிவிட்டேன். தவறா?

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மேலே கவனமாகத் திறந்த கதவுகள் பலவற்றை இது ஒரே நாளில் சாத்திவிடுகிறது: கையெழுத்து, வேகம், பதற்றம். ஏ.ஐ. எழுதியதா என்று சொல்லும் கண்டுபிடிப்பான்களை நம்பலாம் என்றால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதியதை அவை அதிகமாகச் சந்தேகிப்பதாக 2023-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் மாணவர்கள் பெரும்பாலோர் அந்த வகைதான்.

நான் பரிந்துரைப்பது, வேலையைக் கட்டம் கட்டமாக வாங்குவது: தலைப்பு, குறிப்புகள், வரைவு, திருத்தியது. முடிவில் ஐந்து நிமிடம், "இந்த வரியை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். திக்குவாய் உள்ளவர் அதே கேள்விக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்து தட்டச்சு செய்து பதில் தரலாம். இருநூறு பேர் வகுப்பில் எல்லோரிடமும் கேட்க முடியாது. ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் இருபது பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள்.

செய்ததெல்லாம் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பருவ முடிவில் நிரப்பும் கருத்துப் படிவம், நிரப்பியவருக்கு உதவாது. நான்காவது வாரத்தில் பெயரில்லாமல் ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள்: எது உதவுகிறது, எது தடுக்கிறது, எதை மாற்றலாம். அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லுங்கள். வராமல் நின்றுபோனவர்களின் பட்டியலையும் பாருங்கள். அவர்கள் சீட்டு எழுத மாட்டார்கள், நீங்கள்தான் ஒரு வரி அனுப்பி விசாரிக்க வேண்டும்.

கணித ஆசிரியர் ஒருவருக்கு வந்த சீட்டுகளில் ஒன்றை என்னிடம் காட்டினார். "பலகையை அழிப்பதற்கு முன் பத்து வரை எண்ணுங்கள்" என்று இருந்தது. இப்போது அவர் டஸ்டரைக் கையில் எடுத்ததும் வகுப்பே சேர்ந்து எண்ணுகிறதாம்.